தலையைத் தூக்கக் கூடாத நாட்கள்

நோயிலிருந்து எழுந்து எட்டு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எப்படி இருந்துச்சு?" வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வரிசை தப்பிவிடுகிறது. எழுதினால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் குறிப்புப் புத்தகத்தில் மூன்று தலைப்புப் போட்டேன். எனக்கே நினைவிருப்பவை. மற்றவர்கள் சொன்னவை. இரண்டில் எது என்று தெரியாதவை. மூன்றாவதுதான் பக்கம் பக்கமாக நீண்டது. அம்மா சொல்லிக் கேட்டதை நானே பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் கண்ணால் பார்த்ததை "அப்படி நடக்கவே இல்லியேம்மா" என்கிறார் எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸர். ஆகவே இதைப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் சத்தியம் கேட்கக் கூடாது.

என் பெயர் பாக்கியம். வயது இருபத்து நான்கு. கோலா பிலா சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இதே ஆஸ்பத்திரியில் சமையல்காரராக இருந்தவர். நான் மிஷன் பள்ளியில் படித்து, டவுனில் மூன்று வருடம் நர்ஸ் பயிற்சி முடித்து வந்ததைப் பார்த்தார். அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா மருதாயி தோட்டத்து ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

ரப்பர் விலை விழுந்து தொழிலாளர் வீடுகளான லயத்தில் பாதிப் பேர் கப்பலேறி ஊருக்குத் திரும்பிய சமயத்தில், ஸ்லைடு பார்க்கிற ஆளும் கிளம்பிவிட்டார். விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் வேலை. போவதற்கு முன் எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இருக்கிறது, இல்லை என்று சொல்கிறவள் நான்தான்.

அன்று திங்கட்கிழமை. காலையில் செய்தவை சுத்தமாக நினைவிருக்கின்றன. பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுத்தபோது வரிசையாக மலேரியா மருந்து கொய்னா கொடுத்தேன். திரும்பி வந்து இரண்டு கால்புண்களுக்குக் கட்டு மாற்றினேன். பதினொரு ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றிக் காய வைத்தேன். ஏழாவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்மண்டையில் அடி விழுந்தது.

அடி என்றுதான் நினைத்தேன். விறகுக்கட்டையால் யாரோ முழு பலத்தோடு ஓங்கிப் போட்டது மாதிரி. அடித்தவரைப் பார்க்கத் திரும்பினேன். அறையின் மறுகோடியில் டிரஸர் மட்டும் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் எங்களுக்கு டாக்டர் டிரஸர்தான்.

"ஏன் ஐயா அடிச்சீங்க?" என்றேன்.

"யாரு, நானா? இங்கேருந்து எப்படிம்மா அடிப்பேன்? என் கை அம்புட்டு நீளமா?" என்று சிரித்தார். நான் ஸ்லைடுகளின் மேலேயே வாந்தி எடுத்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

இதற்குப் பிறகு மூன்றாம் தலைப்பு தொடங்குகிறது.

பெண்கள் வார்டில் படுக்க வைத்தார்கள். தலைவலி, வாந்தி, வெளிச்சம் பட்டால் கண் கூச்சம். எங்கள் தோட்டத்தில் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் மலேரியா. நாங்கள் வேறு எதையும் நினைத்துப் பழகவில்லை. டிரஸர் என் விரலைக் குத்தி ஸ்லைடு எடுத்தார். எடுத்த பிறகுதான் அவருக்குச் சங்கடம் உறைத்தது. ஸ்லைடு பார்க்கிறவள் படுத்துக் கிடக்கிறாள்.

அவர் சொல்வது இது: மைக்ராஸ்கோப்பை ஒரு முக்காலியில் வைத்து என் கட்டிலுக்கே கொண்டுவந்தார். "கொஞ்சம் பாத்துச் சொல்லிரும்மா, அப்புறம் தூங்கு" என்றார். நான் முழங்கையை ஊன்றி எழுந்து, ஒற்றைக் கண்ணால் பார்த்து, "இருக்கு ஐயா, நெறைய இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாய்ந்தேன்.

எனக்கு இது நினைவில்லை. ஆனால் முக்காலி நினைவிருக்கிறது. அந்த ஸ்லைடைப் பின்னால் எடுத்துப் பார்த்தேன். கிருமி ஒன்றுகூட இல்லை. சரியாக வடிகட்டாத சாயத்தின் பொடி அங்கங்கே ஒட்டியிருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் அதைக் கிருமி என்று நினைப்பார்கள். நான் புதியவள் இல்லை. ஒன்று, அவரே பார்த்து ஏமாந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தபோது என் கண் அப்படித்தான் பார்த்திருக்க வேண்டும். ரிஜிஸ்தரில் அவர் கையெழுத்தில் "உண்டு" என்று இருக்கிறது. யார் சொல்லி எழுதியது என்பது இருக்காதே. கேட்டால், "நீ சொன்னேம்மா, உன் மேல சத்தியமா" என்கிறார். பொய் சொல்கிறவர் இல்லை. நானும் இல்லை.

இரண்டு நாள் கொய்னா ஊசி போட்டார்கள். காதுக்குள் சில்வண்டு மாதிரி இரைச்சல் வந்தது; அது கொய்னாவால் எல்லோருக்கும் வருவது. தலைவலி குறையவில்லை. காய்ச்சல் ஏறவும் இல்லை. காய்ச்சலே இல்லாமல் மலேரியா ஏது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் டாக்டர் வந்தார். என் தலைக்கடியில் கைகொடுத்து, முகவாயை மார்பில் படும்படி மடக்கப் பார்த்தார். கழுத்து மடங்கவில்லை, பலகை மாதிரி தலையோடு தோளும் சேர்ந்து எழுந்தது. இடது கண் இமை முழுக்க இறங்கியிருந்தது. அதை விரலால் தூக்கி விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, இது மலேரியா இல்லை, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்றாராம்.

ரப்பர் ஷீட்டு ஏற்றுகிற லாரியில் மெத்தை போட்டு என்னைக் கிடத்தினார்கள். அம்மா கூட ஏறிக்கொண்டாள். புக்கிட் புத்துஸ் மலைப்பாதையின் வளைவுகளில் என் தலை உருளாமல் இருக்க, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். எனக்குத் தெரிந்தது புகையூட்டிய ஷீட்டின் வாசனையும், ஒவ்வொரு வளைவிலும் அம்மா டிரைவரை ஏசியதும்தான். "டேய், பைய ஓட்டுடா! மூட்டையா ஏத்தியிருக்க? எம்புள்ளடா!"

டவுன் ஆஸ்பத்திரியில் முதலில் செய்தது முதுகு ஊசி. இதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் வயிற்றைத் தொடும்படி வளைத்துப் பிடித்துக்கொள்வார்கள். இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் நீளமான ஊசியைச் செலுத்துவார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் நீர்தான் முதுகெலும்புக்குள்ளும் இறங்கி நிற்கிறது. ஆரோக்கியமான ஆளுக்கு அது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். அதைச் சொட்டுச் சொட்டாக மூன்று கண்ணாடிக் குழாய்களில் பிடிப்பார்கள். ஏன் மூன்று என்றால், ஊசி போகிற வழியில் சின்ன இரத்தக்குழாய் ஒன்றைக் குத்திவிட்டால் முதல் குழாய் சிவப்பாக இருக்கும், அடுத்தது வெளுக்கும், மூன்றாவது தெளிந்துவிடும். மூன்றும் ஒரே மாதிரிச் சிவப்பாக இருந்தால் இரத்தம் மேலேயிருந்து வருகிறது.

என்னுடையது மூன்றும் ஒரே நிறம்.

மூளையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் ஓர் இரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டவுன் டாக்டர். வயதானவர்களுக்கு வரும் பக்கவாதமும் இதுவும் உறவுக்காரர்கள். ஆனால் இது இளவயதிலும் வரும். குழாயில் பிறவியிலேயே ஓரிடம் நைந்து, சின்னக் குமிழ் மாதிரிப் புடைத்திருக்கலாம். ஏன் அன்று வெடித்தது, ஏன் எனக்கு வந்தது என்றெல்லாம் கேட்டால் அவரிடமும் பதில் இல்லை. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அடைப்பு இறுகும்வரை அது அசையக் கூடாது. அதற்கு மருந்தென்று ஒன்றும் கிடையாது. கத்தி வைக்கிற இடமும் இல்லை. தலைக்கு ஐஸ் பை, தூக்கத்துக்குப் புரோமைடு மருந்து, நீர் அழுத்தம் கூடினால் மறுபடி முதுகு ஊசி. மீதி எல்லாம் படுக்கை. ஆறு வாரம் தலையணையே இல்லாமல் மல்லாந்து கிடக்க வேண்டும். எழக் கூடாது, இருமக் கூடாது, முக்கக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கக் கூடாது. தலையைத் தூக்கவே கூடாது. மறுபடி வெடித்தால் பிழைப்பது கஷ்டம்.

இதையெல்லாம் அவர் சொன்னது மிஸ்ஸி ஆக்னஸிடம். இங்கே நர்சுகளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆக்னஸ் என்னை விட நாலைந்து வயது மூத்தவள், தமிழ்க்காரி. அம்மாவுக்கு அவள்தான் தமிழில் சொன்னாள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பிறகு, "சோறு எப்படித் திம்பா?" என்று கேட்டாள்.

"படுத்துக்கிட்டேதாம்மா. கிண்டிக் கோப்பை இருக்கு, மூக்கு வச்சது. அதுல பால், கஞ்சித் தண்ணி எல்லாம் நாங்களே குடுப்போம்."

"படுக்கப் போட்டா பால் ஊத்துவீங்க?"

"ஆமாம்மா."

அது என்ன கேள்வி என்று தனக்கு அப்போது உறைக்கவில்லை என்று ஆக்னஸ் என்னிடம் பின்னால் சொன்னாள். அவள் வேதக்காரி, டவுனில் பிறந்தவள். எங்கள் லயத்தில் படுத்தவர் வாயில் பால் ஊற்றுவது எப்போது என்று அவளுக்குத் தெரியாது. உயிர் போகப் போகிறது என்று தெரிந்த பிறகு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றுவது அது. அப்பாவுக்கு அம்மா ஊற்றினாள். கடைவாயில் வழிந்து காதோரம் இறங்கியது. அதைத் துணியால் ஒற்றி எடுத்தவள் நான்.

அந்த முதல் நாட்களில் எனக்குக் குழப்பமே வேலையாக இருந்தது. இறங்கிய இமை மெல்ல மேலேறத் தொடங்கியதும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு மிஸ்ஸி, இரண்டு மின்விசிறி, இரண்டு அம்மா. ஓர் அம்மா சற்று மேலே, சாய்வாக நிற்பாள். எந்த அம்மாவுக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நடுவில் பார்த்துப் பேசுவேன். "எங்கிட்டடி பாக்குற? நான் இங்க இருக்கேன்" என்பாள் கீழே இருந்தவள். இது என்ன கிழமை என்று ஆக்னஸ் தினமும் கேட்பாள். நான் தினமும் திங்கள் என்பேன். ஏழாவது ஸ்லைடு இன்னும் மேடையில் இருக்கிறது, அதை முடிக்க வேண்டும் என்று எழப் பார்ப்பேன். அவள் நெற்றியில் கை வைத்து அழுத்துவாள்.

அம்மா டவுனை ஒட்டிய ரஹாங்கில் சித்தப்பா மகன் வீட்டில் தங்கிக்கொண்டு, காலையும் மாலையும் நடந்து வந்தாள். ஆக்னஸ் கிண்டிக் கோப்பையை எடுத்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்து கிடந்த மலாய்க்கார அம்மா, மாக் லீமா, இதைக் கவனித்து என்னிடம் சொன்னார். என்ன காரணம் என்று மலாயில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் லயத்தில் பிறந்தவள், நர்ஸ் வேறு. தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் காலை. ஆக்னஸ் வார்டின் அந்தக் கோடியில் டாக்டரோடு இருந்தாள். அம்மா தூக்குச்சட்டியில் நொய்க்கஞ்சி கொண்டுவந்திருந்தாள். ஆயாக்கொட்டகையில் அவள் ஒரு நாளைக்கு நாற்பது குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறவள். கழுத்துக்கடியில் கை கொடுத்து, தலையை நிமிர்த்தி, மடியில் சாய்த்துத்தான் கொடுப்பாள். படுக்கப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைக்குப் புரையேறும் என்று புதிதாக வரும் ஆயாக்களைத் திட்டுவாள். அந்தக் கை எனக்கும் நீண்டது. ஒரு நொடியில் என்னைத் தூக்கித் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள்.

"ஜாங்கான் ஆங்காட்! ஜாங்கான் ஆங்காட்!" தூக்காதே, தூக்காதே என்று மாக் லீமா கத்தினார்.

"செகெஜாப் சாஜா, மாக்," ஒரு நிமிஷம்தான் என்று மலாயிலேயே பதில் சொல்லிவிட்டு, அம்மா என்னிடம், "செத்தவளுக்கு ஊத்துற மாதிரி ஊத்துறாளுவ. நீ இப்படிக் குந்தி மனுசியாட்டம் குடி" என்றாள்.

இது முதல் தலைப்பில் இருப்பது. நிச்சயமாக எனக்கே நினைவிருப்பது. கஞ்சியில் உப்பும் நறுக்கிய சின்ன வெங்காயமும் போட்டிருந்தாள். ஒன்பது நாளில் முதல் தடவையாக ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிந்தது. இரண்டு மரமாகத் தெரிந்தது, ஆனாலும் மரம். கஞ்சி அவ்வளவு நன்றாக இருந்தது. இதைச் சொன்னால் அம்மா இப்போதும் அழுகிறாள். அதனால் அவளிடம் சொல்வதில்லை.

மூன்றாவது வாய்க்கு மறுபடி அந்த அடி விழுந்தது.

பிறகு நடந்ததெல்லாம் ஆக்னஸ் சொன்னவை. கை கால் வெட்டி இழுத்தது. மறுபடி முதுகு ஊசி போட்டார்கள். மறுபடி மூன்று குழாய்களும் ஒரே சிவப்பு. இரண்டு நாள் எனக்கு நினைவு திரும்பவில்லை. கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் ஆக்னஸ் தேதிகளை அடித்துவிட்டு, புதிதாக ஒன்றாம் நாள் என்று எழுதினாள்.

தூக்கியதால்தான் வெடித்ததா? டாக்டரை நேராகவே கேட்டிருக்கிறேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். முதல் தடவை வெடித்து ஒரு வாரம், இரண்டு வாரத்துக்குள் அசையாமல் படுத்திருக்கிறவர்களுக்கும் மறுபடி வெடிப்பதை அவர் பார்த்திருக்கிறாராம். அதை மூன்றாம் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் அதில் சந்தேகமே இல்லை: தூக்கியதால்தான்.

நினைவு திரும்பியபோது சொற்கள் இடம் மாறியிருந்தன. தண்ணீர் வேண்டும் என்று நினைப்பேன். வாயில் "பூட்டு" என்று வரும். தப்பு என்று தெரியும். திருத்தினால் மறுபடி பூட்டுதான் வரும். ஐஸ் பையை "மாமா" என்றேனாம். ஆக்னஸ் சிரிக்காமல் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்: பூட்டு, தண்ணீர். மாமா, ஐஸ் பை. படி, வலி. அடுத்த ஷிப்டு மிஸ்ஸிகள் அதைப் பார்த்து எனக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். பட்டியல் போடுகிறவள் நான். எனக்கு இன்னொருத்தி போட்டுக் கொடுத்த ஒரே பட்டியல் அது.

அம்மா என்ற சொல் மட்டும் மாறவில்லை. "அம்மா எங்க?" என்று கேட்பேன்.

"வராந்தாவுல உக்காந்திருக்காங்க, தங்கச்சி" என்பாள் ஆக்னஸ்.

"ஏன் உள்ள வரல?"

"வருவாங்க."

கால் மணி கழித்து மறுபடி கேட்பேன். பதில் சொன்னது எனக்கு நிற்காது. கேட்டுக் கேட்டு, அம்மா செத்துப்போய்விட்டாள், மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பிறகு, இல்லை, செத்துக்கொண்டிருப்பது நான் என்று தோன்றியது. அதற்கு என்னிடம் ஆதாரங்களும் இருந்தன. எல்லோரும் மெல்லப் பேசுகிறார்கள். டாக்டர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார். ஆக்னஸ் "என் தங்கமில்ல, என் ராசாத்தியில்ல, ஒரே ஒரு வாய்" என்று கெஞ்சுகிறாள். கெஞ்சிக்கொண்டே, மல்லாந்து கிடக்கிறவள் வாயில் பால் ஊற்றப் பார்க்கிறாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதாக நினைத்தேன். இது அந்தப் பால். வாயைத் திறந்தால் முடிந்தது.

வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று வருடம் படித்தவள், கிண்டிக் கோப்பையால் எத்தனையோ பேருக்குக் கொடுத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடைவாயில் வழிந்து காதோரம் ஓடியது. அப்பாவுக்கும் இப்படித்தான் ஓடியது என்று நினைத்தேன். ஒரு நாள் முழுக்க ஒரு சொட்டு இறங்கவில்லை. மறுநாள் காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் குடிக்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் இறக்க வேண்டியதுதான் என்றார். அதில் அவருக்கே விருப்பமில்லை. குழாய் தொண்டையைத் தொட்டால் குமட்டும், குமட்டினால் முக்குவாள், முக்கினால் மண்டைக்குள் அழுத்தம் ஏறும். இரண்டு தடவை வெடித்த இடம் மூன்றாவது தடவையும் தாங்கும் என்று அவர் நம்பவில்லை.

ஆக்னஸ் வராந்தாவுக்குப் போனாள். அங்கே பேசியதை இருவருமே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் இருவர் கதையும் ஒத்துப்போகிறது.

"அம்மா, நீங்க வந்து குடுங்க. உங்க கையாலன்னா குடிப்பா."

"என் கையாலயா? எங்கையாலதான் ரெண்டு வாட்டியும் பாத்தேனே. அவ அப்பனுக்கு ஊத்துனேன், போனான். இவளத் தூக்குனேன், வெடிச்சிருச்சி. போ தாயி, என்னைய விட்டுரு."

"தூக்க வேணாம். படுத்தபடியே குடுக்கணும்."

"அதத்தான் என்னால முடியாதுங்குறேன். எம்புள்ளைக்கு நானே வாய்ப்பால் ஊத்தணுமா?"

ஆக்னஸுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்ததாம். அது அந்தப் பால் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் நம்புகிற நிலையில் அம்மா இல்லை. ஆகவே மத்தியானம் குழாய் இறக்கப் போகிறார்கள் என்பதையும், இறக்கினால் என்ன ஆகும் என்பதையும் மட்டும் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. சொல்லிவிட்டுக் கோப்பையை அம்மாவின் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் ஒரே ஆள் தெரியும் என்பதை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தபோது கட்டிலோரம் அம்மா நின்றாள். தலை வாராமல், மூன்று நாள் சேலையோடு. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆக்னஸ் பின்னால் நின்று வழி சொன்னாள்: தலையை இலேசாக ஒருக்களிக்க வேண்டும், கோப்பையின் மூக்கைக் கன்னத்தின் உள்பக்கம் வைக்க வேண்டும், கொஞ்சம் விட்டு நிறுத்த வேண்டும், விழுங்கிய பிறகுதான் அடுத்தது.

அம்மா என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். தூக்கவில்லை. ஒரு விரற்கடைகூடத் தூக்கவில்லை. கோப்பையின் மூக்கு உதட்டில் பட்டது. பால் வாசனை வந்தது. நான் பல்லைக் கடித்தேன்.

"தொற" என்றாள்.

நான் திறக்கவில்லை. அம்மாவும் வந்துவிட்டாள், இனி யாரும் வர வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

"ஏ சனியனே, தொறடி வாய!"

வார்டே திரும்பிப் பார்த்தது என்று மாக் லீமா சொல்வார்.

"என்னா, நடிக்கிறியா? நாப்பது புள்ளைக்கு ஊட்டுறவ, ஒனக்கு ஊட்ட முடியாதா எனக்கு? மூக்கப் புடிச்சித் தொறந்துருவேன், பாத்துக்க. நாலு எழுத்துப் படிச்சுட்டா பெரிய இவளா நீ? தொறடி கழுத!"

ஆக்னஸ் அவள் தோளைத் தொட்டு, "அம்மா, மெல்ல, மெல்ல" என்றாள்.

"நீ சும்மா இரு தாயி. இவள எனக்குத் தெரியும்."

எனக்கு அன்று எதுவுமே தெளிவாக இல்லை. கிழமை தெரியாது. தண்ணீருக்குப் பெயர் தெரியாது. படுத்திருப்பது தோட்டத்திலா டவுனிலா என்று தெரியாது. ஆனால் லயத்தில் எத்தனை பேருடைய கடைசி நேரத்தில் பக்கத்தில் நின்றிருக்கிறேன்! மருமகளை வாழ்நாள் முழுக்க ஏசிய மாமியார்கூட அந்த நேரத்தில் குரலைத் தாழ்த்தி "ஆத்தா, கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள். போகப் போகிறவளைக் கழுதை என்று யாரும் திட்டமாட்டார்கள்.

திறந்தேன்.

வெதுவெதுப்பாக, கொஞ்சம் சீனியோடு, கன்னத்துக்குள் பால் வந்து நின்றது. அம்மா கோப்பையை எடுத்துவிட்டாள். ஏசுவதையும் நிறுத்திவிட்டாள். குனிந்து என் தொண்டையையே பார்த்தாள். விழுங்கினேன்.

"ம். இன்னும் இருக்கு" என்றாள். "மூடாத."